அல்மாலூ தெருவுக்கு ஒரு வயது

1

இந்தக் கதைக்குக் காரணம் என் கஞ்சத்தனம். வேறு ஏதாவது கௌரவமான காரணம் சொல்லி மழுப்பலாம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

ஏப்ரல் மாதம் எங்கள் தெருத்தலைவி பாட்மா அக்கா* தன் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார். தெருவின் நடுவே ஒரு பள்ளம். அதை மூடவும், அதற்குப் பிறகு வருஷா வருஷம் தெருவைப் பழுதுபார்க்கவும் வீட்டுக்கு இவ்வளவு என்று தர வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் முறை வந்தபோது, "நான் இதைப் பத்தி எழுதறேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். எழுதுகிறவன் இப்படிச் சொன்னால், சரி போ என்று விட்டுவிடுவதுதான் எங்கும் வழக்கம். பாட்மா அக்கா விடவில்லை.

"சரி. இந்த வருஷம் உன் பங்கு அதுதான். ஆனா கடைசில ரோடு நல்லா இருக்கணும். சோகமா முடிச்சேன்னு வை, பணமாவே வசூல் பண்ணிடுவேன்."

"கதை எப்படி முடியும்னு எழுதும்போதுதான் அக்கா தெரியும்."

"ரோடு போட வந்தவனும் இதையேதான் சொன்னான்."

என் மனைவி பெரிசாத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் இந்த ஊர்க்காரி. பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக நான் மெஸ் நடத்தியபோது பரிமாற வந்து, அவர்களிடமே தமிழ் கற்று, என்னையும் கட்டிக்கொண்டாள். நான் எழுதுவதைப் படித்துத் தெருவுக்குச் சொல்லும் வேலை இப்போது அவளுடையது. அதனால் இதில் நான் பொய் எழுத வழியில்லை. [எழுதினேன். பிடிபட்ட இடத்தைப் பின்னால் பார்ப்பீர்கள்.]

* இங்கே மூத்த பெண்களை 'எஜே' என்பார்கள், மூத்த ஆண்களை 'பைகே'. நான் அக்கா, அண்ணன் என்றே எழுதுகிறேன். வசவு வாங்கும்போது இரண்டும் ஒன்றுதான்.

2

முதல் தொடக்கம்: "வசந்தம் வந்தது. மலைமேல் பனி உருகி, பள்ளத்தாக்கெங்கும்

நிறுத்திவிட்டேன். எங்கள் தெருவில் வசந்தம் என்றால் சேறு. அல்மாலூ என்ற பெயருக்கு ஆப்பிள் மரங்கள் நிறைந்தது என்று அர்த்தம். ஒரு மரம்கூடக் கிடையாது. நகரத்தின் ஓரத்தில் வயலை வெட்டி மனை போட்டவர்கள் பெயரை மட்டும் தாராளமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "தெரு என்பது யாருடையது? இது தத்துவக் கேள்வி

இதைக் கேட்டவுடன் பெரிசாத் எழுந்து தேநீர் போடப் போனாள். வாசகர்களும் போய்விடுவார்கள் என்று இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "உமுர்பெக் அண்ணன் வீடு வந்து சேர்ந்தார். அவருடைய ஒரு பூட்ஸ் வரவில்லை."

இது நிற்கட்டும். உமுர்பெக் அண்ணன் பாட்மா அக்காவின் கணவர். டிராக்டர் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். போகும்போது எப்படியோ போய்விடுவார். திரும்பும்போது கால் துவண்டுவிடும். டாக்ஸிக்காரர்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். பனிக்காலத்தில் பாட்மா அக்கா அவரைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து இழுத்துவருவார், அது அவருக்குப் பிடிக்கும், கை அசைத்துக்கொண்டே வருவார். சேற்றுக் காலத்தில் முதல் வீட்டுத் துர்தாகுன்தான் அவரை முதுகில் சுமக்க வேண்டும். துர்தாகுன் கொத்தனார், திடகாத்திரமான ஆள். தன் வேலியை ஒரு முழம் தெருவுக்குள் தள்ளிக் கட்டியிருக்கிறான் என்று இரண்டு பேருக்கும் ஆறாத சண்டை. முதுகின் மேலிருந்தும் சண்டை தொடரும்.

"மெதுவா போடா! நான் என்ன மாவு மூட்டையா?"

"மாவு மூட்டை பேசாதுண்ணே. அதனாலதான் எனக்கு அதைத் தூக்கப் பிடிக்கும்."

"உன் வேலி மட்டும் உள்ள இருந்திருந்தா, ஓரமா நடந்தே போயிருப்பேன்."

"இறக்கி விடட்டுமா? நடங்களேன்."

"ஐயோ, பூட்ஸ்! பூட்ஸ் கழண்டுபோச்சு. நில்லுடா!"

அந்த பூட்ஸ் கோடையில் சேறு காய்ந்த பிறகுதான் கிடைத்தது. தெரு எதற்காக வேண்டும் என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பாட்மா அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டாக்ஸி தன் வீட்டுக் கதவுவரை வர வேண்டும்.

3

போன வருஷம் மே மாதத்தில் நாங்கள் பதினான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து தார் ரோடு போட்டோம். [ஒரே வரியில் எழுதிவிட்டேன். நடந்தது அப்படியல்ல.]

யார் எவ்வளவு தருவது என்பதில் தொடங்கியது. முதல் வீட்டுத் துர்தாகுன் சொன்னான்: "நான் என் கேட்டைத் திறந்தா மெயின் ரோடு. எனக்கு இந்தத் தெருவே வேணாம். கடைசி வீட்டுக்காரன்தான் முழுத் தெருவையும் தேய்க்கிறான், அவன் கட்டட்டும்."

கடைசி வீடு ஷெய்ஷென் அண்ணனுடையது. பேரப்பிள்ளைகளுக்குத் தீனி வாங்கவும் கணக்குப் பார்க்கிற மனிதர். "இத்தனை வருஷம் முழுச் சேத்தையும் மிதிச்சவன் நான். எத்தனை பூட்ஸ் போச்சு தெரியுமா? நான் ஏற்கெனவே கட்டிட்டேன்" என்றார்.

இரண்டு பேரும் நியாயம்தானே பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் தெருவின் நடுவில் குடியிருப்பவன், எனக்கு எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும். கடைசியில் பாட்மா அக்கா, "சாவு வீட்டுக்குக் கொடுக்கும்போது முதல் வீடு, கடைசி வீடுன்னா பாக்கறீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டார். இந்த ஊரில் இதற்குமேல் பேச்சு கிடையாது. அந்த வாரமே எல்லோரும் சமமாகக் கொடுத்தார்கள், ஷெய்ஷென் அண்ணன் உட்பட.

தார் வந்தது, உருளை வந்தது. அன்று சாயங்காலம் தெரு கறுப்பாகப் பளபளத்தது. அடுத்த தடவை டாக்ஸி கதவுவரை வந்தபோது உமுர்பெக் அண்ணன் இறங்க மாட்டேன் என்றார். டிரைவரைத் தெருக்கோடிவரை போய்த் திரும்பச் சொல்லி, துர்தாகுன் வீட்டு வாசலில் மட்டும் ஹாரன் அடிக்கவைத்தார். பாட்மா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், அதில் வெட்கமில்லை.

4

இங்கேதான் பொய் சொன்னேன்.

நல்ல காரியம் நடந்தால் தெருவே சேர்ந்து ஆட்டை அறுத்துப் பொங்கிப் போட்டு, கையேந்தித் தொழுது, சாப்பிட்டுவிட்டுத்தான் கலைய வேண்டும். இது இங்கே விட முடியாத வழக்கம். ரோட்டுக்கும் அப்படி ஒரு விருந்து வைத்தோம். என் முதல் பிரதியில், "அடுப்பை ரோட்டின் மேலேயே வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் துர்தாகுன்" என்று எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான், அவனுக்கோ ஏற்கெனவே வேலி விஷயத்தில் கெட்ட பெயர். பெரிசாத் இதைப் படித்துச் சொன்ன பத்தாவது நிமிஷம் அவன் என் வாசலில் நின்றான்.

"கொத்தனார்டா நான்! சூட்டுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"கதைதானே தம்பி, ஒரு விறுவிறுப்புக்காக..."

"அப்ப உன் பேரைப் போட்டுக்கோ."

அவன் போனதும் பாட்மா அக்காவே வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "அது என் யோசனை. ரோடுதான் அன்னிக்கு விருந்தாளி, அதுமேலதான் சமைக்கணும்னு நான்தான் ஒத்தைக் கால்ல நின்னேன். அப்படியே எழுது."

ஆகவே அப்படியே எழுதுகிறேன். பாட்மா அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால், புது ரோட்டின் நட்டநடுவில், இரும்பு அடுப்பை வைத்து, அதன்மேல் பெரிய கொப்பரையை ஏற்றி, பாதி நாள் விறகெரித்தோம். கறி நன்றாக வெந்தது. கம்பளம் விரித்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்த ரோடு நூறு வருஷம் இருக்கட்டும் என்று எல்லோரும் கையேந்தி வேண்டி, முகத்தைத் தடவிக்கொண்டு, ஆமீன் சொன்னோம். அதற்கப்புறம் கொப்பரையை இறக்கி அடுப்பைத் தூக்கினால், அது வரவில்லை. நாலு காலும் தாருக்குள் இறங்கியிருந்தன. நாலு பேர் சேர்ந்து பிடுங்கியபோது ரோட்டில் ஒரு கொப்பரை அளவு துண்டும் கூடவே வந்துவிட்டது.

"தாங்க்ஸ் சொல்லியே ஓட்டை போட்டது நாமளாத்தான் இருக்கும்" என்றார் உமுர்பெக் அண்ணன்.

5

அந்தக் குழியில் மழை நின்றது, பனி உறைந்தது, உருகியது, மறுபடி உறைந்தது. ஆளாளுக்கு அடுப்புக்கரிச் சாம்பலையும் உடைந்த செங்கல்லையும் கொட்டினோம். ஷெய்ஷென் அண்ணன் ஒரு பழைய கம்பளத்தையே போட்டு மிதித்தார். அடுத்த வாரம் அது நல்ல கம்பளம் என்று ஞாபகம் வந்து திரும்ப எடுத்துக்கொண்டார். மார்ச் மாதத்தில் ஒரு டாக்ஸி அதில் இறங்கி அடிவயிறு கிழிந்தது. அதிலிருந்து எங்கள் தெருப் பெயரைச் சொன்னாலே டாக்ஸிக்காரர்கள் போனை வைத்துவிடுகிறார்கள். உமுர்பெக் அண்ணன் மறுபடி துர்தாகுனின் முதுகுக்கு வந்து சேர்ந்தார்.

பாட்மா அக்கா நகராட்சி அலுவலகத்துக்குப் போனார், துணைக்கு நானும் போனேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையான மனிதர், எங்களுக்குத் தேநீர்கூடக் கொடுத்தார்.

"ரோடு யார் போட்டது?"

"நாங்கதான்."

"அப்ப எங்க வரைபடத்துல அது ரோடே இல்லையே அக்கா. மண்ணுன்னுதான் இருக்கு. மண்ணை நாங்க எப்படிப் பழுதுபாக்கறது?"

"மண்ணுல எப்படிய்யா தார்க் குழி விழும்?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

"சரி, ரோட்டை நீங்களே எடுத்துக்கோங்க. நாங்க சும்மா தர்றோம்."

"தாராளமா எடுத்துக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, சேதம் இல்லாம இருக்கணும்."

"சேதம் இல்லேன்னா நான் ஏன்யா இங்க வரப்போறேன்?"

அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். இந்த இடத்தில் அதிகார வர்க்கத்தைப் பற்றி ஒரு பக்கம் கட்டுரை எழுதி வைத்திருந்தேன். வாசகரே, உங்களுக்கும் ஒரு அலுவலகம் தெரிந்திருக்கும், அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

6

அப்புறம்தான் அந்த ஏப்ரல் கூட்டம். என் பங்கைச் சொல்லிவிட்டு நான் வசதியாக உட்கார்ந்துகொண்டதால் மற்றவர்கள் பேசியதை நன்றாகக் கேட்க முடிந்தது.

இவர்கள் கஞ்சர்கள் அல்ல. [நான் வெளியூர்க்காரன், என்னைச் சேர்க்காதீர்கள்.] கல்யாணத்துக்குக் கடன் வாங்கிக் கொடுப்பார்கள். சாவுக்கு ஆடு கொண்டுவருவார்கள். யாராவது வீடு கட்டினால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து மண் குழைப்பார்கள். ஆனால் எதற்கும் ஒரு நாள் வேண்டும், விருந்து வேண்டும், கூப்பிட்டு உட்காரவைக்க ஆள் வேண்டும். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக வருஷா வருஷம் பணம் கட்டுவது என்பது அவர்கள் காதில் ஏறவே இல்லை.

"பள்ளத்தை மூட இன்னிக்கே தர்றேன்" என்றான் துர்தாகுன். "ஆனா ரோடு நல்லா இருக்கும்போது எதுக்குக் குடுக்கணும்?"

"நல்லா இருக்கறதுக்குத்தாண்டா."

"அதான் நல்லா இருக்கே!"

"தலைவி சொல்றதும் சரிதான்" என்று ஷெய்ஷென் அண்ணன் இழுத்தார். "ஆனா எத்தனை வருஷத்துக்கு? அதைச் சொல்லுங்க. எத்தனை வருஷம் கட்டினாப் போதும்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. டாக்ஸி யாருக்காகக் கதவுவரை வர வேண்டும் என்பது தெருவுக்கே தெரியும். எத்தனை வருஷம் என்று கேட்டால் அது ரோட்டைப் பற்றிய கேள்வி அல்ல. பாட்மா அக்காவின் முகம் வெளுத்தது.

கதவோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உமுர்பெக் அண்ணன்தான் பேசினார்.

"ஏன் எல்லாம் தரையப் பாக்கறீங்க? என்னைப் பாருங்க. வாரத்துக்கு மூணு தடவை என்னையப் பழுதுபாக்கறாங்க. திங்கக்கிழமை பாத்தாச்சு, அதோட சரின்னு எந்த நர்ஸாவது சொன்னாளா? புதன்கிழமை போனா, நேத்தெல்லாம் நல்லாத்தானே இருந்தீங்க, இப்ப எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறாளா? எத்தனை வருஷம்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெஷின்ல மாட்டி விடறாங்க, நான் திரும்பி வர்றேன். இதைவிட ரோட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

ஷெய்ஷென் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இதோடு கூட்டம் முடிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உமுர்பெக் அண்ணனுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"விருந்து இல்லாம உங்களுக்குப் பணம் வராதா? சரி, ரோடு பிறந்து மே மாசம் ஒரு வருஷம் ஆகுது. கால்கட்டு* அறுத்து விடுங்க!"

நையாண்டியாகத்தான் சொன்னார். ஆனால் பாட்மா அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"அறுப்போம்" என்றார்.

"ஏய், விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல. எல்லாரும் கவரோட வாங்க. அடுப்பு எங்க வீட்டு முற்றத்துக்குள்ள."

"அக்கா, கால்கட்டு ஒரு தடவைதானே?" என்றான் துர்தாகுன். "அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?"

"முடி இறக்கலாம். அதுக்கப்புறம் சுன்னத்து."

"ரோட்டுக்கு எதை வெட்டுவீங்க?"

"வெளிய ஒரு முழம் நீட்டிக்கிட்டிருக்கே உன் வேலி, அதை" என்றார் உமுர்பெக் அண்ணன்.

 * இது இங்கே உள்ள வழக்கம்: குழந்தை முதல் அடி வைத்ததும் அதன் காலில் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைக் கட்டி, பெரியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடி, முதலில் வருகிறவர் அதை அறுத்துவிடுவார். அப்புறம் குழந்தை தடுக்கி விழாதாம். விருந்துக்கு வருகிறவர்கள் பணம் வைப்பார்கள்.

7

முடிவு எழுதுவதில் எனக்குத் திறமை போதாது. எழுதிப் பார்த்தவை இவை.

(அ) நகராட்சி தெருவை எடுத்துக்கொள்கிறது. பெரிசாத் இதை வாசித்ததும் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. கதையில் அவர்கள் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் அதுதான்.

(ஆ) உமுர்பெக் அண்ணன் இறந்துபோகிறார், தெரு மனம் திருந்துகிறது. இதைக் கேட்டு அவரே எனக்குப் போன் செய்தார். "என்னைக் கொன்னுதான் ரோடு போடணுமா? உனக்கு வேற வழி தெரியாதா?" தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். "அப்ப நடக்கறதை எழுதேன்" என்றார்.

நடந்தது இது. கவர்கள் விருந்துக்கு முன்பே வந்துவிட்டன. விருந்துக்குப் பணம் வைக்காமல் இருப்பது இவர்களால் ஆகாது. அதைக் கொண்டு ஆள் கூட்டிவந்து, பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, ஜல்லி போட்டு, தார் ஊற்றி இறுக்கினார்கள். துர்தாகுன் பக்கத்திலேயே நின்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நாள் யாரையும் அதன்மேல் நடக்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை விருந்து. ரோட்டுக்குக் கால் எது என்று ஒரு மணி நேரம் விவாதித்து, கடைசியில் பாட்மா அக்காவின் கதவிலிருந்து எதிர்வீட்டுக் கதவுக்கு நூலைக் குறுக்கே கட்டினோம். தெருமுனையிலிருந்து ஓட வேண்டும். ஷெய்ஷென் அண்ணன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். என்னையும் நிறுத்தினார்கள். நான் எழுதுகிறவன், பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

"ஓடு!" என்றார்கள், ஓடினோம். பாதி தூரத்தில் பின்னால் ஹாரன் சத்தம். டயாலிசிஸ் முடிந்து உமுர்பெக் அண்ணன் டாக்ஸியில் வருகிறார்! எந்தப் பொய்யைச் சொல்லி அந்த டிரைவரை உள்ளே வரவைத்தாரோ தெரியாது. நாங்கள் ஓரம் ஒதுங்க, வண்டி எங்களைத் தாண்டிப் போய், புது ஒட்டுக்கு முன்னால் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி அதைப் பார்த்தார்.

"ஏறலாமா?"

பின்சீட்டிலிருந்து ஒரே ஒரு குரல்தான் வந்தது: "ஏத்துப்பா."

வண்டி ஏறியது, தாண்டியது. நூல் முன்கண்ணாடியில் பட்டு அறுந்தது. பரிசு டிரைவருக்குத்தான் என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஒன்றும் புரியாமல், தோளில் போர்த்திய அந்தப் பரிசுப் பட்டு மேலங்கியோடு அவர் தெருவில் நின்றார். பாட்மா அக்கா கணவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். வண்டியிலிருந்து கதவுக்கு மூன்றடிகூட இல்லை. அவர் தன் காலாலேயே நடந்து உள்ளே போனார்.

அப்போதுதான் அந்த டிரைவர், கிளம்பப் போனவர், திரும்பிக் கேட்டார்:

"இது இன்னிக்கு மட்டும்தானா, இல்ல இனிமே எப்பவும் உள்ள வரலாமா?"

சாதாரணக் கேள்விதான், ஆனால் ஆமாம் என்றால் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். பாட்மா அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் தெருவில் நின்றிருந்தோம், பதினான்கு வீட்டுக்காரர்களும்.

என்ன பதில் வந்தது என்று நான் எழுத மாட்டேன். வந்ததாக எழுதினால் நம்பிவிடுவீர்கள், வரவில்லை என்று எழுதினால் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். அது மட்டும் காரணமில்லை. பதினான்கு வீடுகள் சொல்ல வேண்டிய பதிலை ஒருவன் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. என் வீட்டுக்கு மட்டும் நான் சொல்லலாம். கையைத் தூக்கி, "வாங்கண்ணே, எப்பவும் வாங்க" என்றேன். பெரிசாத் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மிச்சம் பதின்மூன்று வீடு இருக்கிறது. அதை நீங்கள் எழுதுங்கள்.